புதுப்பிப்பு: குற்றவியல் ஆய்வேட்டுக்குக் காவல்துறைத் தரவு மட்டும் போதுமா?

முன்பு போட்ட பதிவில் போதாது என்று சொல்லியிருந்தேன். புகாராகாத குற்றம் காவல்துறைத் தரவில் வராது. இன்னொன்றும் உண்டு. பல நாடுகளில் ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கொலை மட்டுமே கணக்கில் ஏறும். எண்ணும் விதியைப் படிக்காமல் வரைபடம் போடாதீர்கள்.

பாதிக்கப்பட்டோரிடமே நேரில் கேட்டால் சிக்கல் நினைவில்தான். "கடந்த ஓராண்டில்" என்று கேட்டால், அதற்கு முந்தைய சம்பவத்தையும் உள்ளே இழுத்துச் சொல்வார்கள், எண்ணிக்கை வீங்கிவிடும். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைப் பற்றிய அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பு 6 மாதத்துக்கு ஒருமுறை அதே வீட்டுக்குப் போவது இதற்காகவும்தான்: முந்தைய பேட்டியே எல்லைக்கல், அதற்குப் பின் நடந்தது மட்டுமே கணக்கு. ஒரே முறை கேட்பவர்கள், எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நாளைச் சொல்லி அதற்குப் பின் நடந்ததை மட்டும் கேளுங்கள்.

ஆய்வில் பங்கேற்போருக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வருமுன், சோதனைக்கான மாதிரிப் பேட்டிகூட வேண்டாம். பேட்டி முடிந்த பிறகு பழைய தேதியிட்டு அனுமதியை யாரும் தரமாட்டார்கள்.