மேல்நீர் வேறு, அடிநீர் வேறு: நீர் மாதிரி எடுத்தவர்களின் அனுபவங்கள்

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:

சேர்வராயன் மலையில் தோன்றும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அந்த ஆற்றின் கடைசிச் சில கிலோமீட்டரில் மாதந்தோறும் படகில் அமர்ந்து நீர் அள்ளப்போகிறேன் என்று அப்போது தெரியாது. முதுகலை ஆய்வுக்காக ஓராண்டு அந்தக் கழிமுகத்தில்தான் என் பொழுது கழிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் வெள்ளாற்றங்கரையிலேயே இருப்பதால், அந்த நீரைப் பற்றிக் கேட்டறிய ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள் காலையில், கடல் ஓதம் இறங்கும் வற்றத்தின்போது எடுத்த மேல்நீரில் உவர்ப்பு ஆயிரத்தில் 6 என்று குறித்துக்கொண்டேன். அதே நாள் பிற்பகலில், அதே இடத்தில் நண்பர் எடுத்த நீரில் 24 இருந்தது. நான் கருவியைச் சரியாகக் கழுவவில்லை என்றே நெறியாளர் கருதினார். காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பார்த்தேன். உவர்ப்பை அளக்கும் ஒளிவிலகல் மானி சுழியத்தைத்தான் காட்டியது. மறுவாரம் எடை கட்டிய குப்பியை அடிவரை இறக்கி எடுத்தபோது, மேலே 7 இருக்க, இரண்டரை மீட்டர் கீழே 26 இருந்தது. கனமான கடல்நீர் ஓத ஏற்றத்தின்போது ஆப்புப்போல அடியில் நுழைகிறது. நன்னீர் அதன் முதுகில் ஏறிக் கடலை நோக்கிப் போகிறது. துடுப்புப் போட்ட பெரியவருக்கு இதை நான் விளக்க முற்பட்டபோது அவர், "மேல ஓடுறது உங்க சேலத்துத் தண்ணி தம்பி, கீழ ஓடுறது எங்க ஊரு தண்ணி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நீரின் போக்கில் மிதந்து திரியும் சிற்றுயிர்களான மிதவை உயிரிகளின் கணக்கும் இதற்கேற்பவே மாறியது. தாவர மிதவைகளுக்கு 48 மைக்ரான் கண்ணுள்ள வலையையும் விலங்கு மிதவைகளுக்கு 158 மைக்ரான் வலையையும் இழுத்தோம். கோடையில், ஒரு மில்லிலிட்டர் கொள்ளும் செட்ஜ்விக்-ராஃப்டர் என்ற, உயிரிகளை எண்ணும் கண்ணாடித் தட்டில் விட்டால், வட்டக் காசு போன்ற காசினோடிஸ்கசும், முள் நீட்டிச் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட கீட்டோசெரசும் என இருவகைத் தாவர மிதவைகள் நிறைந்திருக்கும். மழைக்காலத்திலோ வண்டல் வலைக்கண்ணை அடைத்துக்கொள்ளும். வலைக்குள் புகுந்த நீர் எவ்வளவு என்பதே தெரியாமல் போகும். அப்படிப்பட்ட நாளின் எண்ணிக்கையை நான் இன்றும் நம்புவதில்லை. மாதிரியைக் கெடாமல் வைக்கும் பார்மலினின் வாடை விரலைவிட்டுப் போகாததால் மதியச் சோற்றைக் கரண்டியால் உண்ட நாள்கள் பல.

அங்கே கற்றது பல ஆண்டுகளுக்குப் பிறகு சேலத்தில் உதவியது. நகரை ஒட்டிய ஓர் ஏரியில், விடிந்தபோது ஜிலேபி மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நண்பகலில் வந்து நீர் எடுத்துச் சென்றவர்கள், கரைந்த ஆக்சிஜன் போதிய அளவுக்கு மேலேயே இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தவறான நேரத்தில் வந்திருந்தார்கள். என் மாணவர்கள் மூவருடன் விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே போனேன். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் வின்க்ளர் முறைப்படி மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டால் குப்பியில் பழுப்பு வீழ்படிவு தோன்ற வேண்டும். அன்றைக்கு வெள்ளையாகவே படிந்தது. ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை என்பதே அதன் பொருள். அதே இடத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு லிட்டருக்கு 14 மில்லிகிராம் இருந்தது. முப்பது பாகை வெப்பத்தில் நீர் இயல்பாகத் தாங்குவது ஏழரை அளவுதான். நீரைப் பச்சை வண்ணக் குழம்பாக்கியிருந்த மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பகலில் ஆக்சிஜனை அள்ளி இறைத்துவிட்டு, இரவில் மற்ற உயிர்களோடு சேர்ந்து அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. மாதிரியின் மேல் தேதி மட்டும் எழுதியிருந்தால் இந்த இரண்டு எண்களில் ஒன்றைப் பிழை என்று தூக்கி எறிந்திருப்போம்.

ஆத்தூரிலிருந்து கல்லூரி விரிவுரையாளர்:

ஐயா எழுதியதைப் படித்தபோது, வெள்ளாற்றில் சேரும் வசிஷ்ட நதியில் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. மரவள்ளிக் கிழங்கு அரவைக் காலத்தில், சில இடங்களில் நீர் பால்போல் வெளுத்துப் புளித்த வாடை அடிக்கும். ஒருமுறை அமிலக்காரக் குறியீடு (pH) 5-க்கும் கீழே இறங்கியிருந்தது. மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், கல்லின்மேல் சாம்பல் நிறப் பஞ்சுபோன்ற இழைகள் படர்ந்திருக்கும். நுண்நோக்கியில் மாசைத் தாங்கும் நுண்ணுயிர்களான யூக்ளினாவும் ஆசிலேட்டோரியாவும் தவிர அதிகம் தென்படாது.

ஆனால் என் முதல் எண்ணிக்கை வீணானதற்குக் காரணம் ஆற்று நீரன்று, பேருந்து. மருந்து சேர்க்காத குப்பிகளைப் பையில் போட்டு, வெயிலில் சேலம் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் திறந்தபோது விலங்கு மிதவைகளான சக்கர உயிரிகளில் பாதி உருக்குலைந்திருந்தன, மீதியை இன்னவை என்று சொல்ல முடியவில்லை. அதன்பிறகு கரையிலேயே, உயிரிகளைக் கெடாமல் காக்கும் லூகால் அயோடினைச் சொட்டுச் சொட்டாக, நீர் வெளிர்த் தேநீர் நிறம் அடையும்வரை விட்டு, குப்பியைக் கருப்புத் துணியில் சுற்றிக்கொள்கிறேன். ஆக்சிஜன் குப்பியையும் ஆற்றங்கரையிலேயே நிலைப்படுத்திவிடுகிறேன். சோதனைச் சாவடியில் ஒருமுறை பையைத் திறந்து பார்த்தவர், குப்பிகளின் நிறத்தைக் கண்டு வேறுவிதமாக நினைத்துக்கொண்டு நெடுநேரம் விசாரித்தார் என்பது தனிக்கதை.

ஏற்காட்டிலிருந்து இயற்கை ஆர்வலர்:

எங்கள் ஏரியில் உவர்ப்பும் இல்லை, ஓதமும் இல்லை. ஆகவே எங்கு எடுத்தாலும் ஒன்றே என்று நினைத்திருந்தேன். காற்றைக் கணக்கில் கொள்ளாதது என் பிழை. மேற்குக் காற்று வீசிய ஒரு நாள் கிழக்குக் கரையோரம் பச்சைப் படலம் சேர்ந்திருந்தது. அங்கே அள்ளியதில் பாசி உயிரணுக்கள் எண்ணி மாளவில்லை. ஏரியின் நடுவிலோ சொற்பம். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டுப் பெருமையாக எழுதி வைத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டை இறக்கும்போதும் இப்படித்தான்: வெள்ளையும் கருப்புமான தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம், படகுகள் கலக்கிய ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒன்றாகவும், மூடுபனி விலகிய செவ்வாய்க்கிழமை காலையில் வேறாகவும் இருக்கிறது. கயிற்றைப் பிடித்தபடி குனிந்து பார்க்கும் என்னிடம், ஏதாவது விழுந்துவிட்டதா என்று சுற்றுலாப் பயணிகள் பரிவோடு கேட்பார்கள்.

ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். அடிநீர் எடுக்கும் அந்தக் குப்பியை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

முடியும். வாய் குறுகிய ஒரு லிட்டர் கண்ணாடிக் குப்பி, இறுக்கமான ரப்பர் மூடி, குப்பியின் அடியில் கட்ட ஒன்றரைக் கிலோ இரும்பு எடை, இரண்டு கயிறுகள் ஆகியவை போதும். எல்லாம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும். ஒரு கயிற்றால் குப்பியை இறக்கி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சாக எண்ணிக்கொள்ளுங்கள். வேண்டிய ஆழம் வந்ததும், மூடியில் கட்டிய மற்றக் கயிற்றைச் சுண்டி இழுத்தால் மூடி கழன்று நீர் நிறையும். குமிழிகள் மேலே வருவது நின்றதும் தூக்கிவிடலாம். இந்த நீரை மிதவை எண்ணிக்கைக்குப் பயன்படுத்துங்கள். நிறையும்போது காற்று கலந்துவிடுவதால் ஆக்சிஜன் அளவைக்கு இது ஆகாது.