புதுப்பிப்பு: லாரி கேபினில் பகல் சூடு, இரவுக் குளிர் (தீர்ந்தது)

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் லோடுக்குக் காத்திருக்கும்போது கோடைப் பகலில் கேபினுக்குள் படுக்க முடியவில்லை, மார்கழியில் ஓசூர்ப் பக்கம் இரவுக் குளிர் தாங்கவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து உள்ளே அலுமினியம் ஒட்டிய ஃபோம் ஷீட் போடச் சொன்ன அண்ணனின் யோசனைதான். பெயிண்ட் அடித்ததுமே உச்சி வெயிலில் தகட்டில் கை வைக்க முடிந்தது. ஃபோம் பக்கத்தைத் தகட்டோடு ஒட்டி, பளபளக்கும் பக்கத்துக்கும் உள் அட்டைக்கும் நடுவே காற்று இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லையென்றால் அந்த அலுமினியத்தால் பயனே இல்லை. அப்புறம், உள்சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன 24 வோல்ட் விசிறி.

ஹீட்டர் யோசனையை விட்டுவிட்டேன். 1500 வாட் ஹீட்டர் 24 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரவில் பேட்டரி இறங்கி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எதிர்பாராதது என்னவென்றால், சூட்டுக்குப் போட்ட ஃபோமே குளிரையும் தடுத்தது. ஒரு கம்பளி போதும். ஆனால் மூச்சு ஈரம் கண்ணாடியில் வழிகிறது, அதனால் ஜன்னலை இரண்டு விரல் திறந்தே வைக்கிறேன்.

கரி அடுப்பை மட்டும் யாரும் உள்ளே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

முன்கண்ணாடிக்குத் திரை இன்னும் பாக்கி. வெளிப்பக்கம் போடப் போகிறேன். உள்ளே போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கும்.