அலியின் ஐந்து தோல்விகள்: பசங்களுக்கு எதைப் போட்டுக் காட்டறது?

அம்மாபேட்டை கார்னர்:
வணக்கம்ங்க. சேலத்துல சாயந்திரக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வர்ற 14 முதல் 17 வயசுப் பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை பழைய ஆட்டம் போட்டுக் காட்டி விளக்கணும். அதுல ஒருத்தன் முகமது அலி மாதிரியே ரெண்டு கையையும் இடுப்புக்கிட்ட தொங்கவிட்டுக்கிட்டு, குத்து வந்தா தலையைப் பின்னால சாய்க்கறான். உயரமா இருக்கறதால இப்போதைக்குத் தப்பிக்கறான். கையை ஏத்துடான்னா "அலி ஏத்தலையே"ங்கறான். அதனால அலி தோத்த அஞ்சு ஆட்டத்தையும் காட்டலாம்னு இருக்கேன் (மொத்தம் 61, ஜெயிச்சது 56). ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எதை எடுக்கறது, எங்க நிறுத்திக் காட்டறது? இன்னொண்ணு, போட்டிக்கு முன்னால ஏற்காடு மலை ஓடலாமான்னு பசங்க கேக்கறாங்க.

சவுத்பா:
அண்ணே, ரெண்டே ஆட்டம் போதும். 1971 மார்ச் 8 ஜோ ஃப்ரேசியர், 1973 மார்ச் 31 கென் நார்ட்டன். ரெண்டு பேர் பக்கமும் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் இருந்தாரு. அலியோட வலது கை எங்க இருக்குன்னு அந்த ஆளு கவனிச்ச அளவுக்கு வேற யாரும் கவனிக்கல.

ஃப்ரேசியர் ஆட்டத்துல 11வது ரவுண்டையும் 15வதையும் மட்டும் போடுங்க. அலி வலது அப்பர்கட் (கீழிருந்து மேல தாடையை நோக்கி வர்ற குத்து) போடறப்ப கை நேரா தாடையிலிருந்து கிளம்பாது. முதல்ல கீழ இறங்கும், அப்புறம்தான் மேல வரும். அந்த இறங்கற நேரத்துல வலது தாடை திறந்து கிடக்கும். 'அந்தக் கை இறங்கறதைப் பார்த்ததும் இடது ஹூக்கை (பக்கவாட்டுல வளைச்சு அடிக்கற குத்து) விடு'ங்கறதுதான் ஃப்ரேசியருக்குச் சொல்லி வச்ச பாடம். 15வதுல அலி மல்லாக்க விழுந்தது அதே ஹூக்குலதான். வீடியோவை ஹூக் படற இடத்துல நிறுத்தாதீங்க. அதுக்கு முன்னால, அலியோட வலது கை கீழ இறங்கியிருக்கற இடத்துல நிறுத்துங்க.

நார்ட்டன் ஆட்டத்துல ஜாப் (முன் கையை நேரா நீட்டிப் போடற குத்து) மட்டும் பாருங்க. எதிராளி ஜாபை வலது கையால தட்டிவிடறது அலி வழக்கம். அலி தானே ஜாப் போடறப்ப அந்தக் கை தட்டற இடத்துல இருக்காது. அதனால அலி ஜாப் போடற அதே நேரத்துல நார்ட்டனும் ஜாப் போட்டாரு, அது முகத்துக்கு நடுவுல போய் விழுந்துச்சு. 12 ரவுண்டு, நார்ட்டன் பக்கம் பிரிஞ்ச தீர்ப்பு (நீதிபதிங்க மூணு பேரும் ஒத்துப்போகாதது), அலிக்குத் தாடை எலும்பு முறிவு. எந்த ரவுண்டுல முறிஞ்சதுங்கறதுல இன்னிக்கும் ஒத்த கருத்து இல்ல, அதை விடுங்க. வாயைத் திறந்து வச்சிருந்தா தாடை சுலபமா உடையும். மவுத்கார்டைக் (பல் காப்பு) கடிச்சுப் பிடிக்கற பழக்கத்தை அதே வகுப்புல சொல்லிடுங்க.

மூணாவது நீதிபதி:
சவுத்பா சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் 1978 பிப்ரவரி 15 லியான் ஸ்பிங்ஸ் ஆட்டத்தைத் தள்ளிவிட்டது தவறு. உங்கள் பையன்களுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

ஸ்பிங்ஸ் அதற்கு முன் ஆடியது வெறும் 7 தொழில்முறை ஆட்டங்கள். அலி முதல் ரவுண்டுகளை ரிங்கின் கயிற்றில் சாய்ந்தே கழித்தார், பையன் களைத்துவிடுவான் என்ற கணக்கில். ஸ்பிங்ஸ் களைக்கவில்லை. கடைசி ரவுண்டில் அலி வெறித்தனமாக அடித்தும் முன்பு விட்ட ரவுண்டுகள் திரும்பி வரவில்லை. 15 ரவுண்டு முடிவில் பிரிந்த தீர்ப்பு ஸ்பிங்ஸ் பக்கம். உங்கள் பசங்கள் ஆடுவது மொத்தம் மூன்றே ரவுண்டு. ஒரு ரவுண்டைச் சும்மா விட்டால் ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கயிற்றில் சாய்வது 1974ல் ஜார்ஜ் ஃபோர்மனை அலி வென்ற ஆட்டத்தில் வேலை செய்ததைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 15ல் நடந்த மறு ஆட்டத்திலும் ஐந்து நிமிடம் போடுங்கள். அலி கயிற்றுப் பக்கமே போகவில்லை. ஜாப் போட்டார், உடனே கட்டிப்பிடித்தார், நகர்ந்தார். பார்க்க அழகில்லாத ஆட்டம்தான், ஆனால் ரவுண்டு ரவுண்டாகக் கணக்கில் ஏறியது.

கடைசி இரண்டு தோல்விகளில் கை உயரம் பற்றிப் பாடம் எடுக்க எதுவுமில்லை. 1980 அக்டோபர் 2ல் லாரி ஹோம்ஸிடம் தோற்றபோது அலிக்கு வயது 38. பத்து ரவுண்டுக்குப் பிறகு அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தினார். 1981 டிசம்பர் 11ல் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் பத்து ரவுண்டுப் புள்ளித் தோல்வி. அந்த வயதுப் பையன்களுக்கு ஹோம்ஸ் ஆட்டத்தைக் காட்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

அம்மாபேட்டை கார்னர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பார்த்தா மட்டும் பத்தாதே, அந்தப் பையனுக்கு அப்பர்கட் திருத்த என்ன கொடுக்கறது?

சவுத்பா:
ரெண்டு நிமிஷ ரவுண்டு மூணு, மெதுவா. நீங்க பேட் (குத்து வாங்கறதுக்குக் கையில மாட்டற மெத்தை) பிடிங்க. அவன் வலது அப்பர்கட் ஆரம்பிக்கற நேரத்துல உங்க இடது பேட் அவன் வலது தாடைப் பக்கம் வட்டமா வரணும். தட்டினா போதும், அடிக்காதீங்க. தாடையில பட்டா அந்தக் குத்து செல்லாது. கை தொங்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் முழங்கால் மடங்காததுதான். காலை மடக்கி உடம்பை இறக்கினா கையை இறக்க வேண்டிய தேவையே இல்ல. அடுத்தது தூரம். கை நீட்டினா எட்டற தூரத்துல அப்பர்கட் வேண்டாம், தோள் கிட்ட வந்த பிறகுதான்.

பின்னால சாயறதுக்கு இரட்டை ஜாப் போடுங்க. முதல் ஜாபுக்குச் சாஞ்சா எடை முழுக்கப் பின்காலுக்குப் போயிடும், ரெண்டாவதுக்கு நகர முடியாது. ரெண்டு தடவை மூக்குல தொட்டா அவனே கையை ஏத்துவான். அலிக்கும் அந்தச் சாய்வு கால் வேகமா இருந்தவரைக்கும்தான் காப்பாத்துச்சு. 1967 முதல் 1970 வரைக்கும் தடையில ரிங்குக்கு வெளிய இருந்துட்டு வந்து, ரெண்டே ஆட்டம் ஆடிட்டு மூணாவதா ஃப்ரேசியர் முன்னால நின்னாரு.

இருபதாம் வளைவு:
ஏற்காடு பற்றி. மலை சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். ஒரு நாள் ஏறி இறங்கினால் ரத்தத்தில் எதுவும் மாறாது. காலுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி, அவ்வளவுதான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் முதல் நாளே ஓடவிடாதீர்கள். ஐந்து வளைவு, வாரம் ஒரு முறை, பிறகு கூட்டுங்கள். ஏறுவதற்கு மட்டும் ஓட்டம், இறங்கும்போது பஸ். இறக்கத்தில் ஓடினால் தொடை பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் கால் நகராது, ஸ்பேரிங் (ஜோடியாக ஆடும் பயிற்சி) போய்விடும். போட்டிக்கு முந்தைய பத்து நாளில் மலையே வேண்டாம். வளைவுகளில் உள்பக்கம் ஒட்டி ஓடக் கூடாது. பஸ் திரும்பும்போது பின்சக்கரம் அங்கேதான் ஏறும்.

இன்னொன்று, நீதிபதி ஐயா ஹோம்ஸ் ஆட்டம் வேண்டாம் என்றார். எடை போடும் காட்சியை மட்டுமாவது காட்டலாம் என்பேன். அலி மெலிந்து, முடிக்குக் கறுப்புச் சாயம் பூசி, இளமையாகத்தான் நின்றார். எடையை வேகமாக இறக்கியிருந்தார், தைராய்டு மாத்திரையும் போட்டிருந்தார் என்பது பிறகு வெளியே வந்தது. ரிங்கில் கையைத் தூக்கவே தெம்பில்லை. சேலம் வெயிலில் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓடி எடை குறைக்கும் பழக்கம் உங்கள் பசங்களிடம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். வியர்வை நின்று, தலை சுற்றி, நெஞ்சு படபடத்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. நிழலில் உட்கார வைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எடை கூடியிருந்தால் வளரும் பையனை ஒரு எடைப் பிரிவு மேலே ஆட விடுங்கள்.