காப்டிக் வாசிக்கப் பழகுதல்: புதுப்பிப்பு

பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கைப் புதிதாகப் படிக்க, அதன் வட்டார வழக்குகளில் சாகிதிக்கில் தொடங்குவதா, பொகைரிக்கிலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சாகிதிக்கையே எடுத்தேன். எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் திருச்சபை வழிபாட்டைப் பின்தொடர விரும்புகிறவர்களுக்குப் பொகைரிக்தான் சரி. எனக்கு ஆசை பழைய ஏடுகள் மேல். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி ஊருக்கு அருகே கிடைத்த சுவடிகளில் பெரும்பாலானவை சாகிதிக்.

எழுத்து சீக்கிரமே பிடிபட்டது. கிரேக்க எழுத்துகள் 24, டெமோட்டிக் என்ற பழைய எகிப்திய எழுத்துமுறையிலிருந்து வந்தவை 6. கிரேக்கம் தெரிந்தவர்கள் இந்த ஆறை மட்டும் எழுதிப் பழகினால் போதும்.

உண்மையான வேலை அப்புறம்தான் வருகிறது. சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. யோவான் நற்செய்தியின் முதல் வரியில் 'நெஃப்ஷோப்' என்று ஒரே கோவையாக வரும். 'நெ' இறந்தகாலம், 'ஃப்' அவர், 'ஷோப்' இருத்தல். எழுவாய் அதற்குப் பின்னால்தான் வருகிறது: 'ந்கி ப்ஷாஜெ'. எழுவாய் இதோ என்று காட்டத்தான் 'ந்கி', 'ப்' ஆங்கில 'the' போன்ற ஆண்பால் ஒருமைச் சுட்டு, 'ஷாஜெ' வார்த்தை. வினையின் முன்னொட்டுகளைப் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வரி தானாகத் திறந்துகொள்கிறது. அதனால் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: பெயர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த முன்னொட்டுகளைப் படியுங்கள். பெயர்ச்சொற்களில் நிறைய கிரேக்கக் கடன்கள், அவை வாசிக்க வாசிக்க ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து தோமா நற்செய்தி. நாக் ஹம்மாதியில் கிடைத்ததுதான், தனித்தனிச் சிறு கூற்றுகளாக இருப்பதால் தினம் ஒன்று எடுக்கலாம். சேர்ந்து வாசிக்க யாராவது இருந்தால் சொல்லுங்கள்.