அதிகம் பேசாதவர்களுக்கு ஈக்யூ குறைவா?

மொட்டைமாடி:
டீம் லீட் பயிற்சிக்கு முன்னால் ஆபீஸில் உணர்ச்சி நுண்ணறிவு (ஈக்யூ) டெஸ்ட் என்று ஒன்று வைத்தார்கள். 'புதியவர்களுடன் எளிதில் பழகுவேன்', 'நெருக்கடியில் பதற மாட்டேன்' மாதிரி வரிகளுக்கு 1 முதல் 7 வரை போடணும். நான் கூட்டம் என்றாலே ஒதுங்குகிற ஆள், சட்டென்று பதறவும் செய்வேன், உள்ளதை உள்ளபடி போட்டதில் ஸ்கோர் அடிமட்டம். ஆனால் டீமில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் முதலில் கண்டுபிடிப்பது நான்தான். இது என்ன கணக்கு?

கணக்குப்பிள்ளை:
உங்களிடம் கேட்டது குணத்தை. 1990-ல் உளவியலாளர்கள் சலோவியும் மேயரும் உணர்ச்சி நுண்ணறிவைப் பற்றி எழுதியபோது ஒரு திறமையாகத்தான் பார்த்தார்கள். பின்னால் அவர்கள் கருசோவுடன் சேர்ந்து உருவாக்கிய டெஸ்டில் முகப் படங்களைக் காட்டி, இதில் எந்த உணர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்று கேட்பார்கள், நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதற்கு அங்கே வேலையே இல்லை. சுயமதிப்பீட்டு டெஸ்டில் கலகலப்பாகப் பழகுகிறவர், லேசில் பதறாதவர் என்றால் ஸ்கோர் தானாக ஏறிவிடும். திறமை டெஸ்டில் குணத்தின் பங்கு குறைவு, இணக்கமும் புதியதை நாடும் ஆர்வமும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். இரண்டு டெஸ்டின் ஸ்கோரும் பெரிதாக ஒத்துப்போவதும் கிடையாது.

தயிர்சாதம்:
அதற்காக டெஸ்டை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கண்டுபிடிக்கிறீர்கள், சரி, அப்புறம்? சர்வர் விழுந்த நேரத்தில் லீட் பதறினால் மொத்த டீமும் பதறும். அங்கே குணம் கைவைக்கத்தான் செய்யும்.

அரைத்தூக்கம்:
இன்னொன்று, அமைதியான ஆள் என்றால் ஆழமாக யோசிப்பார் என்று நாமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம், பந்து எவ்வளவு? 10 என்று வாயில் வந்துவிடும், விடை 5. ஃபிரெடரிக் என்ற ஆய்வாளர் 2005-ல் டாலர் கணக்கில் கேட்டது இது. முதலில் தோன்றியதை நிறுத்திச் சரிபார்க்கிற பழக்கத்துக்கும் கூச்சத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. யோசிப்பதிலேயே ருசி காண்கிறவர்களிடம் அதிகம் தெரிவது அந்தப் புதியதை நாடும் குணம்தான். தர்க்கமும் உள்ளுணர்வும் எதிரெதிர் என்பதும் தப்பு, ஒரே ஆளிடம் இரண்டுமே தூக்கலாக இருக்கலாம்.

மொட்டைமாடி:
@தயிர்சாதம் சர்வர் விழுந்த ராத்திரியும் பார்த்தாச்சு. பேசினால் குரல் நடுங்கும் என்று யார் எதைப் பார்க்கணும் என்பதைச் சாட்டில் ஒவ்வொரு வரியாக எழுதிப் போட்டேன், வேலை நடந்தது. டெஸ்டின் பெயர் கேட்டு எச்ஆருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.