அவாரோவா கழிமுகத்தை எந்த நேரமும் கடக்கலாமா?

கடலோடி: ஆளரவமே இல்லாத தங்க மணல் கடற்கரை வேணும்னா நியூசிலாந்தின் ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்காவுக்குப் போங்க. கரையோரமா 60 கிலோமீட்டர் நடைபாதை. ஆங்கரேஜ், பார்க் பே, ஒனெடஹூட்டி எல்லாமே சொர்க்கம். பாதையில குறுக்க வர்ற அவாரோவா கழிமுகத்தைச் சொல்லிப் பயமுறுத்துவாங்க, நம்பாதீங்க. எந்த நேரமும் கடக்கலாம், முழங்கால் தண்ணிதான்.

நெல்சன்வாசி: "எந்த நேரமும்"ங்கிறதை முதல்ல அழிங்க. கடல் முழுசா வத்துறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியும் ரெண்டு மணி நேரம் பின்னாடியும்தான் கடக்கலாம். டோரன்ட் பே, பார்க் பேயில தண்ணி ஏறினா சுத்திப் போக மேல பாதை இருக்கு. அவாரோவாவில் இல்லவே இல்லை.

கடலோடி: நான் கடந்தேன். முழங்கால்தான் இருந்தது. நேர்ல பார்த்தவனுக்கே பாடம் எடுக்காதீங்க.

நெல்சன்வாசி: நீங்க போன நேரத்துக்கு முழங்கால். அந்தக் கரையில ஏற்ற இறக்கம் நாலு மீட்டருக்கு மேல போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் பெரிசு. நம்ம ஊர்க் கடலை மனசுல வச்சுக்கிட்டு அங்க இறங்கக் கூடாது.

தெற்குத்தீவான்: "ஆளரவமே இல்லாத"ங்கிறதும் பொய். ஜனவரியில ஆங்கரேஜுக்குப் போய்ப் பாருங்க. டாக்சி படகு வந்து வந்து ஆளை இறக்கும், மணல் முழுக்கக் கயாக், அதான் சின்னத் துடுப்புப் படகு. தனிமை வேணும்னா டோடாரனுயிக்கு வடக்க மட்டன் கோவ் பக்கம் நடக்கணும்.

கடலோடி: நீங்களும் வந்தாச்சா? மில்ஃபோர்டு பத்தின பழைய விவாதத்துல வாங்கிக் கட்டிக்கிட்டதுக்கு இங்க பழி தீர்க்கிறீங்க.

தெற்குத்தீவான்: மில்ஃபோர்டுலயும் நான் சொன்னதுதான் சரி.

மணிமாலா: அவாரோவா கடற்கரை தனியார் சொத்தாமே? உள்ள விடுவாங்களா?

நெல்சன்வாசி: அது பழைய கதைம்மா. 7 ஹெக்டேர் தனியார் கையில இருந்து விலைக்கு வந்துச்சு. 2016ல ஏறக்குறைய 40,000 பேர் 20 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல திரட்டி வாங்கி, பூங்காவோட சேர்த்துட்டாங்க. தாராளமா போங்க. வத்துற நேரம் பார்த்துப் போங்க.

கடலோடி: காசு போட்டது ஊர் சனம். பெருமை இவருக்கு.

நெல்சன்வாசி: ஆமா, பெருமைதான். நானும் போட்டேன்.

சேரன்தீவு: டச்சு மாலுமி டாஸ்மன் 1642ல இந்தப் பொன்மணல்ல இறங்கினதாலதான் அந்தப் பேரு வந்தது.

தெற்குத்தீவான்: இறங்கவே இல்லை ஐயா. பக்கத்து விரிகுடாவில் நங்கூரம் போட்டார். அங்கத்திய பூர்வகுடி மாவோரிகளோட மோதலாகி அவர் ஆட்கள் நாலு பேர் செத்தாங்க. கரையில கால் வைக்காமலே கிளம்பினார். 300 வருஷம் கழிச்சு, 1942ல, பூங்காவுக்கு அவர் பேரை வச்சாங்க. மணல் பொன்னிறமா இருக்கக் காரணம் அங்க உள்ள கருங்கல் பாறை, சிதைஞ்சு மணலாகுது.

சேரன்தீவு: பள்ளிக்கூடப் பாடம் போதும்.

நெல்சன்வாசி: மணல் நிறம் இருக்கட்டும். கடலோடி, அந்த வரியை இன்னும் அழிக்கலை. குழந்தையைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஒருத்தர் உங்களை நம்பி உச்ச ஏற்றத்துல இறங்கினா யார் பதில் சொல்றது? இயற்கைப் பாதுகாப்புத் துறை ஓத அட்டவணை, அதான் கடல் ஏறி வத்துற நேரப் பட்டியல், வெளியிடுது. அதைப் பாருங்கன்னு ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

கடலோடி: அட்டவணை பார்த்து நடக்கிறவங்க வீட்லயே இருக்கலாம். முழங்கால் தண்ணிதான். எழுதினது எழுதினதுதான்.

நெல்சன்வாசி: ஒன்றரை மணி முன்னாடி, ரெண்டு மணி பின்னாடி. நீங்க அழிக்கிற வரைக்கும் கீழ இதைப் போட்டுக்கிட்டேதான் இருப்பேன்.

கடலோடி: போடுங்க.