பிள்ளைக்கு ஞானஸ்நானம்: உங்கள் வீட்டில் எப்படி நடந்தது?

கொட்டாஞ்சேனை அப்பா:
மகனுக்கு ஞானத்தகப்பனாக யாரை வைப்பது என்று வீட்டில் பெரிய இழுபறி. கனடாச் சித்தப்பாதான் என்று என் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். ஹோல் செலவும் சங்கிலியும் அவர் பொறுப்பில் போகும், வேறென்ன!

பங்குச் சுவாமி கேட்டது இரண்டே கேள்விதான்: உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) எடுத்தவரா? பூசைக்குப் போகிறவரா? சித்தப்பா இரண்டிலும் இல்லை. 16 வயது நிரம்பி, நற்கருணை பெற்று, விசுவாசத்துக்கு ஏற்ப வாழ்கிற ஒருவர் போதும், ஆணோ பெண்ணோ, ஆனால் பிள்ளையின் தாயோ தகப்பனோ நிற்க முடியாது என்றார். மறைக்கல்வி படிப்பிக்கிற என் மச்சாள் ஞானத்தாயாக நின்றாள். சித்தப்பாவுக்குக் கோபம்தான். ஆனாலும் சங்கிலி வந்து சேர்ந்தது.

சடங்கைக் கவனித்தால் பொறுப்பு யார் தலையில் என்று விளங்கும். பிள்ளைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதெல்லாம் எங்களிடம்தான். விசுவாசத்தில் வளர்ப்பது உங்கள் கடமை, அது தெரியுமா என்று கேட்டதும் எங்களிடம்தான். அதற்குப் பிறகுதான் ஞானத்தாயிடம் திரும்பி, இவர்களுக்கு உதவத் தயாரா என்றார். உதவத்தான்! சிலுவை அடையாளம் போடப் பழக்குவதும், ஞாயிறு காலையில் நித்திரையால் எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிப் போவதும் எங்கள் வேலை. எங்கள் ஆட்களுக்கு ஹோலும் கேக்கும் ஞாபகம் இருக்கிற அளவுக்கு இது ஞாபகம் இருப்பதில்லை.

வெள்ளவத்தை அம்மா:
என்ட அவர் சைவம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கலியாணத்துக்கு முன்னமே நான் வாக்குக் கொடுத்தது அவருக்கும் தெரியும். பிறந்து முதல் சில கிழமைகளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சபைச் சட்டம். மாமிக்கோ பிறந்த துடக்கு 31 நாள் கழியாமல் பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. 31 கழிந்த ஞாயிறே வைத்தோம், இரண்டு பக்கமும் சரி.

விசுவாச அறிக்கையை இவரும் சொல்ல வேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். மனச்சாட்சி விடாவிட்டால் பேசாமல் நிற்கலாம், பிள்ளையைக் கத்தோலிக்கராக வளர்க்க விட்டால் போதும் என்று பாதர் முதலே சொல்லிவிட்டார். மாமி முன் வாங்கில் பட்டுச்சேலையோடு இருந்தா.

மட்டக்குளி மாமா:
எங்கள் பேத்தி குறைமாதம். இரவு மூச்சுத் திணற, ஆஸ்பத்திரியிலேயே ஒரு தாதி தலையில் தண்ணீர் ஊற்றி, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டா. ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம். பிள்ளை தப்பிவிட்டாள்.

பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்தது, அங்கே திரும்பக் கொடுக்க வேண்டும் என்று மனைவி பிடிவாதம். ஞானஸ்நானம் ஒருதரம்தான், நேர்த்திக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார் சுவாமி. யார் ஊற்றியது, என்ன வார்த்தை சொன்னது என்று விசாரித்துப் புத்தகத்தில் பதிந்தார். மிச்சச் சடங்கைப் பங்குக் கோயிலில் வைத்தார்: உச்சியில் கிறிஸ்மா என்ற பரிசுத்த தைலம், வெள்ளை உடுப்பு, பாஸ்காத் திரி என்ற பெரிய கோயில் மெழுகுதிரியில் கொளுத்திய மெழுகுதிரி. தண்ணீர் ஊற்றுகிற படம் எடுக்க வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

ஒன்று கவனியுங்கள்: கோயில் பதிவில் பெயர் எழுத்துப் பிசகாமல் பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கலியாணத்துக்கு அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.